பழைய எம்ஜிபி-ல ஏசியும் ஹீட்டரும் கழட்டுறது: மொதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் ஸ்பேனர எடுங்க

மதுரைல ஹீட்டர் எதுக்குன்னு கேக்காத ஆளே இல்ல. பங்குனி வெயில்ல கார் கதவத் தொட்டாலே கை சுடுது, இதுல உள்ள ஒரு ஹீட்டர் வேறயான்னு பெட்ரோல் போடுற பய வரைக்கும் கேட்டாச்சு. எங்க மாமா வச்சிருந்த 1965 எம்ஜிபி இப்ப என்கிட்ட இருக்கு, கே.கே. நகர்ல வீட்டு வாசல்ல வேப்பமரத்தடில நிக்குது. இங்கிலாந்துல ஆபிங்டன்ல 1962-ல இருந்து 1980 வரைக்கும் செஞ்ச வண்டி, 1798 சிசி, நாலு சிலிண்டர், மேல துணிக்கூரை. தொண்ணூறுகள்ல மாமா ஆசைப்பட்டு டேஷ்போர்டுக்கு அடில தொங்குற மாதிரி ஹேங்-ஆன் ஏசி ஒண்ணு மாட்டிட்டாரு. துணிக்கூரை வண்டில ஏசி போடுறது ஓட்டக் கொடத்துல தண்ணி புடிக்கிற கதைதான், ஆனா மாமாகிட்ட அத யாரு சொல்றது.

ரெண்டையும் நான் கழட்டுனேன். ஏசிய கழட்டுனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஹீட்டர கழட்டுனதுல பாதி வேல தண்ட வேல, அது ஏன்னு கீழ வரும். என்ன கோளாறு தெரியுதோ அந்த எடத்துக்கு நேரா போய் படிச்சுக்கங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல. ஆனா இந்த அடுத்த ரெண்டு பத்திய மட்டும் தாண்டிப் போயிராதீங்க.

பேட்டரி மொதல்ல. இந்த வயசு எம்ஜிபி-ல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, சீட்டுக்குப் பின்னாடி தரைக்குள்ள ஒளிஞ்சு இருக்கும், சில வண்டில ஒரே 12 வோல்ட்டா மாத்தி வச்சிருப்பாய்ங்க. 1967-க்கு முந்துன வண்டின்னா கம்பெனில இருந்து வந்தப்ப பாசிட்டிவ் எர்த், அதாவது பாடில ப்ளஸ். ஆல்டர்னேட்டர் போட்ட வண்டின்னா பெரும்பாலும் நெகட்டிவா மாத்திருப்பாய்ங்க, ஆனா "பெரும்பாலும்"னு நம்பாம எந்த ஒயர் பாடில போல்ட் போட்டிருக்குன்னு கண்ணால பாத்துட்டு அந்த ஒயர கழட்டுங்க. என் வண்டில ஏசிக்கு பேட்டரில இருந்து நேரா ஒரு ஒயர் இழுத்து, நடுவுல ஃபியூஸே இல்லாம விட்டிருந்தாய்ங்க. நான் யூனிட்ட கழட்டி ஓரமா வச்சப்ப அந்த ஒயர் முனை டேஷ் பிராக்கெட்ல உரசி ஒரு பொறி பறந்துச்சு பாருங்க, கைல இருந்த ஸ்க்ரூடிரைவர் எங்க போச்சுன்னே தெரியல.

ரெண்டாவது, கேஸ். ஏசி கொழாய் எதையும் கேஸ் இருக்கான்னு பாக்காம லூஸ் பண்ணவே கூடாது. தொண்ணூறுகள்ல போட்ட யூனிட்டுன்னா உள்ள ஆர்-12ங்கற பழைய கூலிங் கேஸ் இருக்கலாம், அது ஓசோனுக்கு ஆகாதுன்னு இந்தியாவுல 2008-ல தயாரிப்பையே நிறுத்துனாய்ங்க, பின்னாடி யாராச்சும் ஆர்-134ஏங்கற புது கேஸுக்கு மாத்தியும் இருக்கலாம். சார்ஜிங் வால்வு திருகு மரை உள்ள மெல்லிசு வால்வா இருந்தா பழைய ஆர்-12, சைடுல டக்குனு கவ்வுற மாதிரி தடிமனா இருந்தா 134ஏ. கேஸ வெளில விடாம உறிஞ்சி எடுக்குற ரெகவரி மிஷின் வச்சிருக்க கார் ஏசி கடைல கொடுத்து எடுத்துருங்க. நம்ம ஊர்ல "லேசா திருகி விடுங்க தம்பி, புஸ்ஸுனு போயிரும்"னு சொல்ற அண்ணன்மார் ஜாஸ்தி, கேக்காதீங்க. அந்தக் கேஸ் வெளில வந்தா மைனஸ் 26, மைனஸ் 30 டிகிரில கொதிக்கிற சாமான், வெரல்ல பட்டா தோல் வெந்த மாதிரி ஆயிரும், கண்ணுல பட்டா சொல்லவே வேணாம். பக்கத்துல பீடி பத்த வச்சுட்டு நின்னா இன்னும் மோசம், ஆர்-12 நெருப்புல பட்டா வெசக் காத்தா மாறும்.

ஏசி கொழாய்ல அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டுனா ஒரு கணக்கு தெரிஞ்சுக்கலாம். வண்டி ஆஃப்ல ராத்திரி பூரா நின்னு ஆறி, காலைல 30 டிகிரி இருக்கும்போது கேஜ் ரெண்டும் 95 பிஎஸ்ஐ கிட்ட நின்னா உள்ள கேஸ் இருக்குன்னு அர்த்தம், ஆர்-12, 134ஏ ரெண்டுக்குமே இது கிட்டத்தட்ட ஒண்ணுதான். எவ்வளவு இருக்குன்னு இது சொல்லாது, இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். சைபர்னா எங்கயோ ஒழுகி போயிருச்சு, அப்பவும் நட்டை ஒரேடியா கழட்டாம கால் சுத்து விட்டு சத்தம் வருதான்னு கேட்டுட்டு கழட்டுங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு.

பக்கத்து சீட்டு தரை ஈரமா இருக்கு

இதுதான் எல்லாத்துக்கும் பெரிய தலவலி, எல்லாரும் ஹீட்டர் மேல பழியப் போடுறதும் இங்கதான். தரைல ஈரம்னா மூணு எடத்துல இருந்து வரலாம், மூணும் வேற வேற ஜாதி.

ஒண்ணு கூலண்ட், அதாவது எஞ்சின ஆத்துற தண்ணி, ஹீட்டர் பெட்டிக்குள்ள இருக்க கோர் (அந்த சுடுதண்ணி ஓடுற கூடு) ஒழுகுனா வரும். வெள்ள டிஷ்யூ பேப்பர வச்சு ஒத்தி எடுத்தா பச்சையோ ஆரஞ்சோ கலர் தெரியும், வெரல்ல தேய்ச்சா பிசுபிசுன்னு இருக்கும், காருக்குள்ள இனிப்பா ஒரு வாடை அடிக்கும், முன் கண்ணாடி உள் பக்கம் எண்ணெய் பூசுன மாதிரி மங்கும். நாக்குல வச்சுப் பாக்குற பழக்கம் சில பேருக்கு உண்டு, கூலண்ட் வெசம், வேணாம். நாய் பூனை நக்காமயும் பாத்துக்கங்க. நம்ம ஆளுங்க நெறைய பேரு ரேடியேட்டர்ல வெறும் கொழாத் தண்ணிதான் ஊத்துவாய்ங்க, அப்ப கலரும் இருக்காது வாடையும் இருக்காது, துருவோட செவந்த கறை மட்டும் டிஷ்யூல ஒட்டும். அந்த மாதிரி வண்டின்னா காலைல ரேடியேட்டர்ல அளவு பாத்து வச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டி, குறையுதான்னு பாருங்க.

ரெண்டாவது ஏசி தண்ணி. கூலிங் காயில்ல காத்துல இருக்க ஈரம் படிஞ்சு சொட்டுற தண்ணி இது, சுத்தமா இருக்கும், ஏசி போட்டு ஓட்டுன அன்னைக்கு மட்டும் வரும். காயிலுக்குக் கீழ ஒரு தட்டு, தட்டுல இருந்து சின்ன டியூப் ஒண்ணு தரை வழியா வெளில போகும், அது தூசி அடைச்சு நின்னா தட்டு ரொம்பி கால் மேல சொட்டும். இதுக்காக யூனிட்டையே கழட்டுறது மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்துற மாதிரி, டியூப்ப உருவி வாயால ஒரு ஊது ஊதுனா போதும்.

மூணாவது மழத்தண்ணி. இதுலதான் நான் ஏமாந்தேன். எம்ஜிபி-ல பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு ஜல்லடை இருக்கும், காத்து அது வழியா எறங்கி ஒரு தொட்டிக்குள்ள போயி, அங்க இருந்து ஹீட்டர் பெட்டிக்குப் போகும். காத்து போற வழில மழையும் போகுமே, அதுக்காக தொட்டிக்கு அடில ஒரு ரப்பர் டியூப் போட்டு கியர்பாக்ஸ் பக்கமா கீழ விட்டிருக்காய்ங்க. அந்த டியூப் அடைச்சா தொட்டில தண்ணி தேங்கி, ஓரம் வழியா காருக்குள்ள வரும்.

எனக்கு நடந்தது என்னன்னா, சித்திரைல வேப்பம்பூ கொட்டுற நேரம், ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை ஒரு அடி அடிச்சுது, மறுநாள் தரை பூரா தண்ணி. கோர் போயிருச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழம செலவழிச்சு, கைய ரெண்டு எடத்துல கிழிச்சுக்கிட்டு ஹீட்டர் பெட்டிய வெளில தூக்குனேன். தூக்கி வச்சுட்டு தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா அடில வேப்பம்பூவும் எலையும் மக்கிப் போயி கருப்பா, எருக்குழி மாதிரி, அதுல ஒரு வேப்பங்கொட்ட முளை விட்டு ரெண்டு எலையோட நிக்குது. பாத்த எங்க வீட்ல "தொட்டிச்செடி வளக்குறியா"ன்னு கேட்டாங்க. ஹீட்டர் கோர அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பாத்தா ஒரு சொட்டு ஒழுகல.

அதனால தண்ணி எதுன்னு தெரிய ஒரே வழிதான். வண்டி ரெண்டு நாள் ஓடாம நிக்கணும், தரைய காயப் போட்டுட்டு, ஜல்லடை மேல ஒரு சொம்பு தண்ணி மெதுவா ஊத்துங்க. காருக்கு அடில கியர்பாக்ஸ் பக்கத்துல தண்ணி ஒழுங்கா எறங்குனா டியூப் நல்லா இருக்கு. எறங்கலைன்னா அடில படுத்து, பிரேக் கேபிள் உள் கம்பி மாதிரி வளையுற மெல்லிசு கம்பிய கீழ இருந்து மேல விட்டு ஆட்டுங்க. கம்ப்ரஸர் காத்த வச்சு அடிக்காதீங்க, டியூப் மேல் பக்கம் கழண்டுச்சுன்னா திரும்ப மாட்ட ஹீட்டர் பெட்டியத்தான் தூக்கணும்.

டிராஃபிக்ல நின்னா சூடு முள் ஏறுது, ஓடுனா எறங்குது

காளவாசல் சிக்னல்ல ரெண்டு தடவ சிக்கி நின்னாலே தெரிஞ்சுரும். ஓடும்போது காத்து தானா வருது, நின்னா ஃபேன்தான் இழுக்கணும். ஏசி கண்டென்சர், அதாவது ஏசி கேஸோட சூட்ட வெளில விடுற ரெக்கை வச்ச கூடு, ரேடியேட்டருக்கு முன்னாடி உக்காந்து காத்த மறைக்கும், ஏசி ஓடுனா அதோட சூட்டையும் சேத்து ரேடியேட்டர் மேல தள்ளும். ஏசிய ஆஃப் பண்ணியும் முள் ஏறுதுன்னா கண்டென்சர் ரெக்கைல பூச்சியும் மண்ணும் அடைச்சிருக்கும், இல்ல ரேடியேட்டரே உள்ள அடைச்சிருக்கும்.

கண்டென்சர கழட்டி எடுத்துட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, பாதி வண்டிக்கு அதுலயே சரியாயிரும். கழட்டும்போது கொழாய் நட்டுக்கு ரெண்டு ஸ்பேனர் போடணும், ஒண்ணு புடிக்க ஒண்ணு திருக. ஒரே ஸ்பேனர் போட்டு திருகுனா அலுமினியக் கொழாய் முறுக்கிக்கிட்டு துணி பிழியுற மாதிரி ஆயிரும். கண்டென்சர் திரும்ப வேணும்னா ரெண்டு வாயையும் மூடி வைங்க, காத்துல இருக்க ஈரம் உள்ள போகக் கூடாது. கேஸ்ல இருக்க ஈரத்த உறிஞ்சுற டிரையர் பாட்டில் மட்டும் ஒருக்கா தெறந்தாச்சுன்னா அதோட சரி, அடுத்த தடவ புதுசுதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஹீட்டர கழட்டணும்னு துடிக்கிறவங்க கவனிங்க. ஹீட்டர் கோர்ங்கறது சின்ன ரேடியேட்டர். சிக்னல்ல முள் ஏறும்போது ஹீட்டர் வால்வ முழுசா தெறந்து ஃபேனையும் போட்டா எஞ்சின் சூடு கொஞ்சம் காருக்குள்ள வந்துரும், முள் எறங்கும். நீங்க வெந்து போவீங்க, ஆனா எஞ்சின் ஹெட்டுக்கு அடில இருக்க கேஸ்கட் பொழைக்கும். மே மாசம் மேலூர் ரோட்டுல ஒரு கல்யாண வண்டி கூட்டத்துக்கு நடுவுல நான் இதப் பண்ணி வீடு வந்து சேந்தேன், சட்டை பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும். வருசத்துல ஒருக்கா மார்கழில கொடைக்கானல் ஏறுறவங்களுக்கு ஹீட்டர் ஹீட்டராவே ஒதவும். எனக்கு கேட்டா ஏசிய கழட்டுங்க, ஹீட்டர ரிப்பேர் பண்ணி வைங்க.

பெல்ட் கத்துது, ஐடிலிங்ல வண்டி அமுங்குது

ஏசி பட்டன போட்டவுடனே கிரீச்சுனு சத்தம் வந்து ரெண்டு செகண்டுல நின்னா பெல்ட் லூஸ். நிக்காம கத்துனா கம்ப்ரஸர் இறுகுது. எஞ்சின் ஆஃப்ல பெல்ட்ட கழட்டிட்டு கம்ப்ரஸர் புல்லிய கையால சுத்துங்க, கிளட்ச் புடிக்காதப்ப புல்லி மட்டும் லேசா சுத்தணும், கரகரன்னா புல்லி பேரிங். அப்புறம் முன்னாடி இருக்க தட்ட புடிச்சு சுத்துனா கம்ப்ரஸர் உள்ள சுத்தும், கொஞ்சம் கனமா ஆனா சீரா இருக்கணும், எங்கயாச்சும் முட்டுனா அது எடைக்குப் போடுற இரும்பு.

கம்ப்ரஸர கழட்டுறது சுலபம், பிராக்கெட்டுதான் வம்பு. இந்த ஹேங்-ஆன் செட்டுக்கு கம்பெனி பிராக்கெட் கெடையாது, நம்ம ஊர் வெல்டிங் கடைல பட்டைய வளச்சு செஞ்சது, எஞ்சினோட சொந்த போல்ட்ட எடுத்துட்டு நீளமான போல்ட்ட போட்டு சேத்து முடுக்கியிருப்பாய்ங்க. பிராக்கெட்ட எடுத்துட்டு அதே நீள போல்ட்ட திரும்பப் போட்டா அடில முட்டும், முடுகுன மாதிரி தோணும், முடுகாது, இல்லன்னா பிளாக்குக்குள்ள மரைய தின்னுரும். எத்தன மில்லி தடிப்பு பட்டைய எடுத்தீங்களோ அத்தன மில்லி கட்டையான போல்ட்ட போடணும். செல்லூர்ல ஒரு லேத் பட்டறைல நாலு போல்ட்ட வெட்டி முனைய சீவி வாங்குனேன், டீக்காசுதான் கேட்டாரு அந்தண்ணன்.

ஸ்பேனர் விஷயம் இங்கயே சொல்லிடுறேன். வண்டியோட சொந்த நட்டு எல்லாம் இஞ்சு அளவு. 7/16, 1/2, 9/16, இந்த மூணும் இருந்தா முக்காவாசி வேல முடியும். 1/2-ங்கறது 12.7 மில்லி, 13 ஸ்பேனர் போனமாதிரி போயி முனைய மழுக்கிரும். 7/16-ங்கறது 11.1, அதுக்கு 11 ஸ்பேனர நம்பாதீங்க. ஏசிக்காரர் போட்ட நட்டு மட்டும் மில்லி அளவு. ஒரே எஞ்சின்ல ரெண்டு நாட்டு ஸ்பேனரும் வேணும்.

நாப்ப மூடியும் சூடு காத்து வருது

எஞ்சின் ஹெட்டோட பின் பக்கம் ஹீட்டருக்கு சுடுதண்ணி விடுற வால்வு ஒண்ணு, டேஷ்ல இருக்க நாப்பு ஒரு கேபிள் வழியா அத தெறக்கும் மூடும். ஒரு ஆளு உள்ள உக்காந்து நாப்ப திருக நீங்க வால்வு கைப்புடி அசையுதான்னு பாருங்க. கேபிள் அசைஞ்சு கைப்புடி அசையலைன்னா கிளாம்ப் நழுவியிருக்கு, ஸ்க்ரூவ முடுகுனா ஆச்சு, அஞ்சு நிமிஷ வேல. கைப்புடி முழுசா மூடியும் வெளில போற ஹோஸ் சுடுதுன்னா வால்வு உள்ள போயிருச்சு.

வால்வு ரெண்டு ஸ்டட்ல (ஹெட்ல முடுகி நிக்கிற தலையில்லாத போல்ட்) ரெண்டு நட்டு போட்டு உக்காந்திருக்கும். அம்பது அறுவது வருசமா சுடுதண்ணி பட்டு துருவேறி நட்டும் ஸ்டட்டும் ஒண்ணோட ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கும். நான் பண்ணுனது இதுதான்: மூணு நாள் ராத்திரி துரு எளக்குற எண்ணெய ரெண்டு சொட்டு விட்டேன், பகல்ல வண்டிய ஒரு பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்குனேன், நாலாவது நாள் எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கும்போது நட்ட மொதல்ல முடுகுற பக்கம் ஒரு மயிரிழை தள்ளுனேன். டிக்குனு ஒரு சத்தம், செவந்த தூள் கொட்டுச்சு, அதுக்கப்புறம்தான் லூஸ் பண்ற பக்கம் திருப்புனேன். கொஞ்சம் திருப்பு, திரும்ப முடுகு, எண்ணெய் விடு, இப்புடியே கால் மணி நேரம். ரெண்டாவது நட்டு வரும்போது தெனாவெட்டா ஒரே இழுவல இழுத்திருந்தா ஸ்டட்டு ஹெட்டுக்குள்ள ஒடஞ்சிருக்கும், ஒடஞ்சா ஹெட்ட எறக்கித்தான் எடுக்கணும்.

ஹீட்டர் வேணவே வேணாம்னா வால்வு எடத்துல பிளேட் ஒண்ணு கேஸ்கட்டோட போட்டு மூடிறலாம். வால்வ மூடி வச்சா எப்புடியோ அதேதான் இதுவும், எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆரம்பத்துல இந்த வண்டிக்கு ஹீட்டரே தனிக் காசுக்குத்தான், ஹீட்டர் இல்லாம வெளில வந்த வண்டியும் உண்டு. ஒரு பக்கத்த மட்டும் மூடிட்டு திரும்பி வர்ற கொழாய மறந்துராதீங்க, அதுவும் ரேடியேட்டர் அடி ஹோஸ் பக்கம் தொறந்துதான் இருக்கும். அதுல ரப்பர் மூடிய மாட்டுனா நம்ம வெயிலுக்கு ஆறு மாசத்துல வெடிக்கும், பித்தளைல கட்டை ஒண்ணு கடைஞ்சு ஹோஸ் துண்டுக்குள்ள சொருகி கிளிப் போடுங்க.

ஃபேன் சத்தம் கேக்குது, காத்து வரல

ஃபேன் ரெக்கை கழண்டு மோட்டர் மட்டும் சுத்தலாம், இல்ல உள்ள பல்லாங்குழி கணக்கா எலை ரொம்பியிருக்கலாம். ஆனா பாசிட்டிவ் எர்த்த நெகட்டிவா மாத்துன வண்டின்னா வேற ஒரு சந்தேகம் வரணும், மோட்டர் உள்ள நெலைக்காந்தம் இருக்க ரகம்னா கரண்ட் திசை மாறுனா தலகீழா சுத்தும், சத்தம் வரும், காத்து சும்மா மெதக்கும். மோட்டருக்கு வர்ற ரெண்டு ஒயரையும் மாத்தி சொருகிப் பாருங்க. சரியாயிருச்சுன்னா கழட்ட ஒண்ணுமே இல்ல, டீ குடிக்கப் போங்க.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாச்சு, ஹீட்டர் பெட்டி மட்டும் அசையல

அசையாது. எம்ஜிபி வச்சிருக்க யாரக் கேட்டாலும் இந்த பெட்டியப் பத்தி ஒரு கெட்ட வார்த்த வச்சிருப்பாய்ங்க.

மொதல்ல தண்ணிய வடிங்க, ரேடியேட்டர் அடில ஒரு டேப்பு, எஞ்சின் பிளாக்ல ஒரு டேப்பு. பிளாக் டேப்ப தெறந்தா ஒண்ணுமே வராது, தண்ணி இல்லன்னு நெனச்சிராதீங்க, சேறு அடைச்சிருக்கும், கம்பிய விட்டு குத்துங்க, குத்துன கைய ஒடனே எடுத்துருங்க. பானட்டையும் கழட்டி ஓரமா வச்சுருங்க, 65 வண்டிக்கு அது அலுமினியம், ரெண்டு ஆளு வேணும், முழங்கை பட்டாலே குழி விழும்.

பெட்டி ஏன் அசையலைன்னா நாலு காரணத்துல ஒண்ணு. விளிம்ப சுத்தி இருக்க ஸ்க்ரூல ஒண்ணு ஒயர் கட்டுக்கு அடில ஒளிஞ்சிருக்கும், என் வண்டில அது மேல பெயிண்டும் அடிச்சு மூடியிருந்துச்சு, வெரல வச்சு தடவித்தான் கண்டுபுடிச்சேன். இல்லன்னா காருக்குள்ள டேஷுக்குப் பின்னாடி கண்ணாடிக்கு காத்து போற ரெண்டு டியூப் இன்னும் சொருகியிருக்கும், சீட்ட எடுத்துட்டு மல்லாக்கப் படுத்து கைய மேல விட்டாதான் எட்டும். இல்லன்னா காத்து திருப்புற தகட்டோட கேபிள் கழட்டாம இருக்கும். இது எதுவுமே இல்லன்னா பெட்டிக்கு அடில போட்ட ஸ்பாஞ்சு பசையா உருகி ஒட்டிக்கிச்சு.

ஒட்டுனதுக்கு கடப்பாறையெல்லாம் போடாதீங்க, விளிம்பு வளைஞ்சா திரும்ப உக்காராது. மெல்லிசா பட்டி வைக்கிற தகட விளிம்புக்கு அடில விட்டு சுத்தி வர அறுத்துட்டே வாங்க, அப்புறம் ரெண்டு கையாலயும் புடிச்சு இடம் வலமா ஆட்டி ஆட்டி மேல தூக்குங்க, கொழந்தைக்கு பால் பல்லு ஆட்டுற மாதிரி. நேரா இழுத்தா வராது. தூக்குறதுக்கு முன்னாடி கோர் வாய் ரெண்டையும் துணி வச்சு அடைங்க, உள்ள மிச்சம் இருக்க துருத்தண்ணி சீட்டு மேல கொட்டுனா அந்தக் கறை போகாது. இன்னொண்ணு, டெம்பரேச்சர் மீட்டருக்கு எஞ்சின்ல இருந்து நூல் மாதிரி மெல்லிசா ஒரு கொழாய் போகும், அது ஒயர் இல்ல, மடங்குனாலோ ஒடஞ்சாலோ மீட்டர் அவ்ளோதான். அத மொதல்லயே ஓரமா ஒரு கயித்தால கட்டி வச்சிருங்க.

வெளில வந்ததும் கோர டெஸ்ட் பண்ணாம எதையும் முடிவு பண்ணாதீங்க. ஒரு வாய அடைச்சு, இன்னொரு வாய்ல சைக்கிள் டியூப் வால்வ ஹோஸோட மாட்டி, தண்ணித் தொட்டில முக்கி ரெண்டு பம்பு அடிங்க, 10 பிஎஸ்ஐ-க்கு மேல போக வேணாம். குமிழி வர்ற எடத்துல மார்க் பண்ணி ரேடியேட்டர் கடைல கொடுத்தா ஈயம் வச்சுக் கொடுத்துருவாங்க, பித்தளையும் செம்பும்தானே, நல்லா புடிக்கும்.

கழட்டுனதுக்கு அப்புறம் புதுசா வந்த கோளாறு

வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் முள், பிரேக் லைட் எல்லாம் ஒண்ணா செத்துருச்சுன்னா பயப்படாதீங்க. இந்த வண்டில பச்சை ஒயர் எல்லாம் ஒரே ஃபியூஸ்ல இருந்து போறது, ஹீட்டர் ஃபேனும் அந்த குடும்பந்தான். கழட்டுன ஃபேன் ஒயர் முனை எங்கயோ பாடில உரசி ஃபியூஸ எரிச்சிருக்கும். முனைக்கு ஸ்லீவ் போட்டு கட்டிட்டு புது ஃபியூஸ் போடுங்க. பழுப்பு ஒயர் சாவி இல்லாமயே கரண்ட் இருக்கறது, அதுல மட்டும் வெளையாடாதீங்க.

ஓடும்போது காருக்குள்ள பெட்ரோல் வாடையும் எஞ்சின் சூடும் அடிச்சா, பெட்டி இருந்த ஓட்டை தெறந்து கெடக்குன்னு அர்த்தம். அட்டைய வச்சு அளவு எடுத்து அலுமினியத் தகடு வெட்டி, புது ஸ்பாஞ்சு வச்சு, பழைய ஸ்க்ரூ ஓட்டைலயே முடுகுங்க. புதுசா ஓட்டை போடாதீங்க, என்னைக்காச்சும் ஹீட்டர திரும்ப வைக்கணும்னு தோணும், எனக்கு ஆறே மாசத்துல தோணுச்சு.

தண்ணி ரொப்புனப்புறம் முள் துள்ளித் துள்ளி ஏறுனா உள்ள காத்து நிக்குது. முன் சக்கரத்த சரிவுல மேல் பக்கமா நிப்பாட்டி, ஹீட்டர் இருந்தா வால்வ தெறந்து வச்சு, மூடி போடாம ஓட விட்டு ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழி வந்து மட்டம் எறங்கும், திரும்ப ஊத்துங்க. சூடான எஞ்சின்ல மூடிய தெறக்குற வேல மட்டும் வேணாம்.

பிளேட் போட்ட எடத்துல ஒழுகுதான்னு பாக்க ராத்திரி வண்டிக்கு அடில ஒரு பழைய அட்டைப்பெட்டிய விரிச்சு வைங்க, காலைல சொட்டு எங்க விழுந்திருக்குன்னு தெரிஞ்சுரும். எனக்கு மூணாவது நாள் காலைல ரெண்டு சொட்டு இருந்துச்சு, எஞ்சின் ஆறியிருக்கும்போது ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து முடுகுனேன், நாலாவது நாள் அட்டை காஞ்சு கெடந்துச்சு, மேல வேப்பம்பூ மட்டும்.